மூணு வரிசை வெண்டிங் மெஷின், ஃபைனல் இயர் புராஜெக்ட்: ஸ்பிரிங், காயின் அக்செப்டர், ஏற்காடு டெமோ பற்றி

ஐந்துரோடு_பசங்க

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல்ல ரெண்டு பேர், ஈ.சி.இ-ல ரெண்டு பேர் சேர்ந்து சின்ன வெண்டிங் மெஷின் செய்யறோம். மூணு வரிசை. தட்டுவடை பாக்கெட் 10 ரூபாய், கடலை மிட்டாய் 10 ரூபாய், ஏற்காடு காபித்தூள் சின்ன பாக்கெட் 20 ரூபாய். பாக்கெட் அளவு ஏறக்குறைய 110 மி.மீ. உயரம், 80 அகலம், 25 கனம்.

எங்க பிளான்: ஆர்டுயினோ ஊனோ (எல்லாத்தையும் இயக்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு), 4x4 கீபேட், 16x2 எல்.சி.டி, எம்.ஜி 996 ஆர் சர்வோ மோட்டாரை முழுசா சுத்தற மாதிரி 360 டிகிரி ஆக்கி மூணு, சி.எச்-926 காயின் அக்செப்டர் (காசை அடையாளம் பார்த்து வாங்கற கருவி), இ.எஸ்.பி 32 (வைஃபை உள்ள போர்டு) வச்சு யு.பி.ஐ. புரோகிராம் கோடு பாதி எழுதியாச்சு. பாக்கெட்டை முன்னாடி தள்ளற சுருள் ஸ்பிரிங் இன்னும் செய்யல, எங்கே செய்யறதுன்னும் தெரியல. முதல் டெமோ காலேஜ்ல, ரெண்டாவது ஏற்காட்டுல ஒரு கண்காட்சி. எதை மாத்தணும்னு சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

தம்பி, ஸ்பிரிங் செய்யாம கோடு எழுதினது தலைகீழ் வேலை. இந்த மெஷின்ல திரையும் காசும் எப்படியும் வேலை செஞ்சுடும். பாக்கெட் ஒழுங்கா விழறதுதான் கஷ்டம். அதனால முதல்ல ஒரே ஒரு வரிசை செய்யுங்க. கையால சுத்தினா ஒரு சுத்துக்கு ஒரு பாக்கெட் விழுதான்னு பாருங்க. அது சரியா வந்த பிறகு மோட்டார், அதுக்குப் பிறகு காசு.

ஸ்பிரிங் கணக்கு இது. பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் உள்ள தூரம், பாக்கெட் கனத்தைவிட 8 முதல் 10 மி.மீ. கூட இருக்கணும். உங்களுக்கு 25 கனம்னா 35 பிட்ச். குறைச்சா பாக்கெட் நெருக்கிக்கிட்டு ரெண்டா விழும், கூட்டினா பாக்கெட் சாய்ஞ்சு கம்பி மேல படுத்துக்கும். தட்டு 300 மி.மீ. ஆழம்னா 8 பாக்கெட் நிக்கும்.

கம்பி 10 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) கம்பி, 3.25 மி.மீ. கட்டுக்கம்பி வேண்டாம், அது நசுங்கும். 2 அங்குல ஜி.ஐ. பைப்போட வெளி விட்டம் 60.3 மி.மீ., அதையே அச்சா வச்சுச் சுத்தலாம். கையை விட்டதும் கம்பி கொஞ்சம் விரியும், உள் விட்டம் 63, 64 வரும், வெளியே 70 வரும். இது 110 உயர பாக்கெட்டைப் பாதிக்கு மேல பிடிச்சுக்கும், போதும். ஒரு சுத்துக்கு 213 மி.மீ. கம்பி போகும். 8 சுத்துக்கு 1.7 மீட்டர், ரெண்டு முனைக்கும் சேர்த்து ஒரு வரிசைக்கு 2 மீட்டர் வாங்குங்க. துருப்பிடிக்காதேன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கம்பி கேட்டா ஜாக்கிரதை. அது ஜி.ஐ.யைவிட நிறைய விரியும், 60 பைப்புல சுத்தினா 70-க்கு மேல போயிடும். அதுக்கு அச்சு பைப்பைச் சின்னதா எடுக்கணும்.

லேத்துல போட்டா 35 பிட்ச் வராது, சாதாரண லேத் கியர்ல அவ்வளவு பெரிய மரை இல்ல. ரெண்டு வழி இருக்கு. நெருக்கமா சுத்திட்டு அப்புறம் இழுத்து விரிக்கலாம், ஆனா பிட்ச் ஒரே சீரா வராது, முனைப்பக்கம் அகலமும் நடுவுல குறுகலுமா போகும். நல்ல வழி: ஒரு தாள்ல அடி 189 மி.மீ., உயரம் 35 மி.மீ. இருக்கற செங்கோண முக்கோணம் வெட்டி பைப்புல சுத்துங்க. சாய்ந்த ஓரம் எங்கே போகுதோ அந்தக் கோட்டை மார்க்கர்ல வரைஞ்சு, 35, 35 மி.மீ.யா நகர்த்தி பைப் முழுக்கத் தொடருங்க. கம்பியை அந்தக் கோட்டு மேலயே வச்சு, பைப்பைக் கையால உருட்டிச் சுத்துங்க. முடிஞ்சதும் 31 மி.மீ. மரக்கட்டையை ஒவ்வொரு இடைவெளியிலயும் விட்டுப் பாருங்க. நுழையாத இடத்துல லேசா விரிங்க.

முன்பக்க முனை எங்கே முடியுதுங்கறது ரொம்ப முக்கியம். நிறைய பேர் இதைக் கவனிக்கறதில்ல. மோட்டார் நின்ன நிலையில கம்பியோட நுனி கீழே, 6 மணி நிலையில இருக்கட்டும். 12 மணியில நின்னா முன்னாடி பாக்கெட் பாதி வெளியே தொங்கி, மெஷினை லேசா தட்டினாலே விழும். கண்காட்சில பிள்ளைங்க தட்டாம இருக்க மாட்டாங்க.

எம்பெடட்_சூரமங்கலம்

அண்ணா சொன்ன ஆர்டர்தான் சரி. எலக்ட்ரானிக்ஸ் பக்கம் நான் சொல்றேன்.

சர்வோவை விடுங்க. எம்.ஜி 996 ஆர் சிக்கிக்கிட்டா 2 ஆம்பியருக்கு மேல இழுக்கும், 5 வோல்ட் லைன் சரியும், ஊனோ ரீசெட் ஆகும். அதோட, 360 டிகிரி ஆக்கின சர்வோவுக்குத் தான் எங்கே நிக்கறோம்னு தெரியாது. நேரத்தை வச்சு நிறுத்தினா பாக்கெட் குறையக் குறைய வேகம் மாறி, கடைசி பாக்கெட்டுக்குள்ள நிலை கால் சுத்து தள்ளிப் போயிடும்.

12 வோல்ட் கியர் மோட்டார், 10 முதல் 15 ஆர்.பி.எம். எடுங்க. ஒரு சுத்து 4 முதல் 6 விநாடி. மஞ்சள் பிளாஸ்டிக் பி.ஓ மோட்டார் தாங்காது. ஆனா கிடைக்கறதுலயே பெரிய ஜான்சன் மோட்டாரையும் போடாதீங்க. 8 பாக்கெட் தள்ள தேவையான டார்க் கணக்குப்படி 1 கிலோ-செ.மீ. பக்கம்தான், சிக்கலுக்கு இடம் விட்டு 5 கிலோ-செ.மீ. போதும். அதுக்கு மேல போனா சிக்கும்போது மோட்டார் நிக்காது, பாக்கெட்தான் கிழியும்.

கப்ளிங் பக்கத்துல ஒரு வட்டத் தகடு, அதுல ஒரே ஒரு பள்ளம், பக்கத்துல லீவர் மைக்ரோ சுவிட்ச். லீவர் பள்ளத்துல இறங்கினா அதுதான் ஹோம் நிலை. கோடுல மோட்டாரை ஓட விட்டதும் முதல் அரை விநாடி சுவிட்ச்சைப் பார்க்காதீங்க, பள்ளத்தை விட்டு ஏற நேரம் வேணும். அப்புறம் சுவிட்ச் மறுபடி இறங்கினதும் நிறுத்துங்க. வழக்கமான நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு ஆகியும் இறங்கலைன்னா மோட்டாரை நிறுத்தி அந்த வரிசையைப் பூட்டுங்க.

எல் 298 என் மோட்டார் டிரைவர் போர்டு தேவையில்ல. அது ரெண்டு வோல்ட் வரைக்கும் தின்னுடும், உங்களுக்கு ரிவர்ஸும் வேண்டாம். வரிசைக்கு ஒரு ஐ.ஆர்.எல்.இசட் 44 என் மாஸ்ஃபெட், அதாவது மோட்டாரை ஆன், ஆஃப் பண்ற ட்ரான்சிஸ்டர். கடையில ஐ.ஆர்.எஃப்.இசட் 44 என் கொடுப்பாங்க, பேர் ஒண்ணு போல இருக்கும், ஆனா அது கேட் காலுக்கு ஊனோ கொடுக்கற 5 வோல்ட்ல முழுசா திறக்காது, சூடாகும். எழுத்தைப் பார்த்து வாங்குங்க. கேட்டுக்கு 220 ஓம், கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 கே. இந்த 10 கே இல்லைன்னா ஊனோ பூட் ஆகற நேரத்துல மோட்டார் தானா துள்ளும், ஒரு பாக்கெட் இலவசமா போகும். மோட்டார் முனைகள்ல 1என்4007 டயோடு தலைகீழா, கூடவே 104 செராமிக் கப்பாசிட்டர்.

கீபேடும் வேண்டாம். மூணு பொருளுக்கு மூணு பட்டன். அப்போ 3 பட்டன், 3 மோட்டார், 3 ஹோம் சுவிட்ச், காயினுக்கு ஒண்ணு, விழுந்ததைப் பார்க்கற சென்சாருக்கு ரெண்டு, எல்.சி.டி ஐ2சி-ல (ரெண்டே வயர்ல பேசற முறை) ஏ4, ஏ5. ஊனோ தாராளமா போதும், மெகா வாங்க வேண்டாம்.

லேப்_ஓமலூர்

பவர் பத்தி ஒரு வார்த்தை. 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் (230 வோல்ட்டை 12 ஆக்கற பவர் சப்ளை), மூடின டைப்பா வாங்குங்க. திறந்த டெர்மினல் இருந்தா 230 வோல்ட் பக்கம் கவர் போடாம மெஷினுக்கு உயிர் கொடுக்காதீங்க. தகட்டு பாடின்னா த்ரீ பின் எர்த் பாடியில போல்ட் போட்டு இறுக்கணும், பெயின்ட்டைச் சுரண்டிட்டு. 12 வோல்ட் வெளியே வர்ற இடத்துல 3 ஆம்பியர் ஃபியூஸ்.

5 வோல்ட்டுக்கு எல்.எம் 2596 பக் மாட்யூல். ஊனோவை மாட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சு 5.0-க்குத் திருகணும், புதுசா வர்றது பெரும்பாலும் அதைவிட அதிகமா செட் ஆகியிருக்கும். 12 வோல்ட்டை ஊனோவோட ஜாக்குல நேரா கொடுத்து அதுலேருந்து எல்லாத்துக்கும் 5 வோல்ட் எடுத்தா ரெகுலேட்டர் தொட முடியாத சூடாகும்.

ஐந்துரோடு_பசங்க

ரொம்ப நன்றி அண்ணா, சார். சர்வோவை விட்டுட்டோம். காயின் அக்செப்டர் கையில இருக்கு. 5 ரூபாயைச் சில சமயம் எடுக்குது, சில சமயம் துப்புது. மோட்டார் ஓடும்போது காசு போடாமயே எண்ணிக்கை ஏறுது. ரெண்டுக்கும் காரணம் என்ன?

எம்பெடட்_சூரமங்கலம்

முதல் கேள்விக்குக் காரணம் நம்ம காசு. 2011 வரிசை 5 ரூபாய் 23 மி.மீ. விட்டம், 2019 வரிசை 5 ரூபாய் 25 மி.மீ. அதே 2011-ன் 2 ரூபாய் 25, 2019-ன் 2 ரூபாய் 23. அப்படியே தலைகீழ். விட்டத்தை மட்டும் பார்த்தா ரெண்டும் அஞ்சும் குழம்பும், உலோகம் வேறங்கறதாலதான் மெஷினால பிரிக்க முடியுது. மாதிரிக் காசு போட்டு அக்செப்டருக்குக் கற்பிக்கும்போது, 5 ரூபாய்னு ஒரே வகையில ரெண்டு வரிசைக் காசையும் கலந்து கற்பிச்சிருப்பீங்க. அதான் தடுமாறுது. வேணும்னா ரெண்டையும் தனித்தனி வகையா கற்பிக்கணும்.

ஆனா என் யோசனை: 5 ரூபாயே வேண்டாம். மூணு 5 ரூபாய் போட்டவருக்கு மீதி 5 ரூபாய் எப்படித் தருவீங்க? சில்லறை திருப்பித் தர்ற ஹாப்பர் தனி புராஜெக்ட். உங்க விலை 10, 20 தானே. 10 ரூபாய்க் காசு மட்டும் எடுங்க. 10 ரூபாய்க் காசு நம்ம பக்கம் வாங்க மாட்டாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு, அதை விடுங்க. அதுவரைக்கும் வந்த 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிடுச்சு. எல்லாமே 27 மி.மீ., வெளி வளையம் பொன்னிறம், நடு வெள்ளி நிறம்.

கற்பிக்கும்போது கூட்டல், கழித்தல் ரெண்டையும் சேர்த்து மூணு விநாடி அழுத்தினா செட்டிங் வரும், ஒவ்வொண்ணையும் ஒரு எழுத்தா காட்டும். ஈ-ல எத்தனை வகைக் காசு: 1. எச்-ல மாதிரி எண்ணிக்கை: 20. பி-ல பல்ஸ் (ஒரு காசுக்கு ஊனோவுக்கு அனுப்பற மின்துடிப்பு): 1. எஃப்-ல துல்லியம்: 8 பக்கம். எஃப் எண் குறைஞ்சா கண்டிப்பு கூடும். ரொம்பக் குறைச்சா நல்ல காசையும் துப்பும், 15, 20-ன்னு போனா வேற காசும் உள்ளே போகும். அந்த 20 மாதிரியும் ஒரே காசைத் திரும்பத் திரும்பப் போடாதீங்க. பளபளன்னு புதுசு, தேய்ஞ்சது, பழைய டிசைன், ரூபாய்க் குறி இருக்கறது எல்லாம் கலந்து 20 வேற வேற காசு. பஸ் கண்டக்டர்கிட்டயோ உழவர் சந்தையிலயோ மாத்தினா கிடைக்கும்.

முடிச்சதும் 20 ரூபாய்க் காசு போட்டுப் பாருங்க. அது 12 மூலை, ஆனா அதுவும் 27 மி.மீ. உலோகம் உள்ளே வெளியே மாறியிருக்கு, அதனால துப்பணும். துப்பலைன்னா எஃப்-ஐக் குறைங்க.

ரெண்டாவது கேள்வி. அக்செப்டரோட காயின் லைன் ஓப்பன் கலெக்டர் மாதிரி, அது கீழே மட்டும்தான் இழுக்கும், மேல இழுக்க ஆள் வேணும். ஊனோவுல அந்தப் பின்னை இன்புட் புல்அப்ல (உள்ளே இருக்கற ரெசிஸ்டர் லைனை மேல இழுக்கற அமைப்பு) வைங்க, அக்செப்டர் கிரவுண்டும் ஊனோ கிரவுண்டும் ஒண்ணா சேரணும். நீள வயர்னா உள்ளே இருக்கற புல்அப் பலவீனம், வெளியே 4.7 கே போடுங்க. மோட்டார் வயரும் காயின் வயரும் ஒரே கட்டுல போகக் கூடாது. பின்னாடி இருக்கற சின்ன சுவிட்ச்சை நடு வேகத்துல வச்சா பல்ஸ் 50 மில்லி விநாடி. இன்டரப்ட்ல (பின் மாறின உடனே ஊனோ மத்த வேலையை நிறுத்திட்டு கவனிக்கற வசதி) பல்ஸ் தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம் ரெண்டையும் எடுத்து, 30-க்குக் கீழே இருந்தா தள்ளிடுங்க. மோட்டார் சத்தம் மைக்ரோ விநாடிக் கணக்குல வரும், 50 வரைக்கும் நீடிக்காது.

இன்னொண்ணு: மோட்டார் ஓடும்போதும், எல்லா வரிசையும் காலியா இருக்கும்போதும் அக்செப்டரோட 12 வோல்ட்டை ரிலே வச்சு வெட்டிடுங்க. பவர் இல்லைன்னா காசு நேரா திரும்பி வர்ற வழியில விழும். பொருள் இல்லாம காசை வாங்கற மெஷினை யாரும் ரெண்டாவது தடவை தொட மாட்டாங்க.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

பாடிக்கு என்ன போடறீங்க? முதல் மாடலுக்குத் தகடு வேண்டாம், 12 மி.மீ. பிளைவுட்ல செய்யுங்க. ஓட்டை தப்பான இடத்துல விழுந்தா அடைச்சு வேற இடத்துல போடலாம். தகட்டுல பெண்டிங் போட்ட பிறகு 5 மி.மீ. தள்ளணும்னா திரும்ப ஷியரிங்லேருந்து ஆரம்பிக்கணும். வெளிப்பக்கம் அழகுக்கு போர்டு எழுதற கடையில மிஞ்சின ஏ.சி.பி ஷீட் (ரெண்டு பக்கமும் அலுமினியம் ஒட்டின பிளாஸ்டிக் பலகை) துண்டு கேளுங்க, பின்பக்கம் வி வெட்டு போட்டா கையாலயே மடியும்.

முன்பக்கம் 3 மி.மீ. அக்ரிலிக். சாதாரண டிரில் பிட் வெளியே வர்றப்போ விரிசல் விடும். அடியில மரத்துண்டு வச்சு, மெதுவான வேகத்துல, ஓரத்துலேருந்து 10 மி.மீ. தள்ளித் துளைங்க.

தட்டுவடை வரிசை மேலே வேண்டாம், கண்டிப்பா கீழே. 40 செ.மீ. விழுந்தா பாக்கெட்ல தூள்தான் இருக்கும். விழற இடத்துல 45 டிகிரி சரிவு, அது மேல ரப்பர் மேட். எடுக்கற கதவு உள்பக்கமா மடியணும், மடியும்போதே மேல போற வழியை அது அடைக்கணும். இல்லைன்னா கையை விட்டு மேல இருக்கறதை இழுப்பாங்க.

ஐந்துரோடு_பசங்க

விழுந்ததைப் பார்க்கற சென்சாருக்கு ஐ.ஆர் எல்.இ.டி-யும், அந்த ஒளியைப் பிடிக்கற டி.எஸ்.ஓ.பி 1738-ம் வச்சிருக்கோம். கையை வச்சா காட்டுது, பாக்கெட் விழுந்தா காட்ட மாட்டேங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா வேலை செய்யாம போகுது.

எம்பெடட்_சூரமங்கலம்

ரெண்டும் வேற வேற கோளாறு.

அதுவா நின்னு போறது 1738-ன் இயல்பு. அது டி.வி. ரிமோட்டுக்குச் செஞ்சது. விடாம 38 கிலோஹெர்ட்ஸ் வந்தா அதை இரைச்சல்னு நினைச்சு உணர்திறனைத் தானே குறைச்சுக்கும். டி.எஸ்.எஸ்.பி 4038 வாங்குங்க, அது இந்த மாதிரி ஒளித்தடை வேலைக்குன்னே செஞ்சது, தொடர்ச்சியா வந்தாலும் பிடிச்சுக்கிட்டே இருக்கும். எல்.இ.டி-க்கு ஊனோவோட டோன் கட்டளையால 38000 ஹெர்ட்ஸ் கொடுத்தா போதும், ஆனா டோன் ஓடும்போது ஊனோவுல 3, 11 பின்கள்ல பி.டபிள்யு.எம் கிடைக்காது, ஞாபகம் வச்சுக்குங்க. 3-ஐ இன்டரப்ட்டுக்கு எடுத்துக்கறதுல தடையில்ல.

பாக்கெட்டைக் காட்டாததுக்குக் காரணம் உங்க கோடுல இருக்கற டிலே, அதாவது ஊனோவைக் காத்திருக்க வைக்கற கட்டளை. கணக்குப் போட்டுப் பாருங்க. 30 செ.மீ. விழுந்த பொருள் விநாடிக்கு 2.4 மீட்டர் வேகத்துல போகும். 110 மி.மீ. பாக்கெட் நெட்டுக்குத்தா விழுந்தா ஒளியை 45 மில்லி விநாடி மறைக்கும். படுத்தவாக்குல விழுந்தா கனம் 25 மி.மீ. தானே, 10 மில்லி விநாடிதான். நீங்க எல்.சி.டி-ல "நன்றி"ன்னு எழுதி டிலே 500 வச்சிருந்தா அது எப்போ போச்சுன்னே தெரியாது. காயினை 2-ம் பின்லயும் இதை 3-ம் பின்லயும் வச்சு ரெண்டையும் இன்டரப்ட்ல எடுங்க. ஒளிக்கோட்டை ஏதோ ஒரு பக்கம் வச்சா போதாது, பாக்கெட் அகலம் 80. வழியோட அகலம் 300 இருந்தா கோடு குறுக்கே, அகலத்தை முழுசா கடந்து போகணும், முன்னாலிருந்து பின்னால போகற மாதிரி வைக்காதீங்க.

ஒரு சுத்து முடிஞ்சும் சென்சார் ஒண்ணும் சொல்லலைன்னா இன்னொரு அரை சுத்து கொடுங்க. அப்போ விழுந்தா ஹோம் வரைக்கும் ஓட்டி நிறுத்துங்க. அப்பவும் விழலைன்னா காசைக் கணக்குலயே வச்சு "வேறு பொருள் அழுத்தவும்"னு காட்டுங்க. காசு கணக்கை ஈப்ராம்ல எழுதி வைங்க, கரண்ட் போயி வந்தாலும் இருக்கும். ஒரு இடத்துல லட்சம் தடவை எழுதலாம்னு கணக்கு, காசு விழும்போதும் பொருள் விழும்போதும் மட்டும் எழுதினா உங்க மெஷினுக்கு அது தாராளம். லூப்புல ஒவ்வொரு சுற்றுக்கும் எழுதினா சில நிமிஷத்துலயே தீர்ந்துடும்.

ஏற்காடு_மிளகுக்கொடி

காபி பாக்கெட் போடறவன்ங்கற முறையில சொல்றேன். ஏற்காடு டெமோன்னு எழுதியிருக்கீங்க. சேலத்துல அளந்த 25 மி.மீ. மேல வந்தா 25-ஆ இருக்காது.

சேலம் கடல்மட்டத்துலேருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு 1500 பக்கம். காற்றழுத்தம் சுமாரா 980-லேருந்து 845 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கும். கீழே சீல் பண்ணின பாக்கெட்ல இருக்கற காத்து மேல வந்தா விரியும், இடம் கிடைச்சா 15 சதவீதம் வரைக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த சிப்ஸ் பாக்கெட் எல்லாம் கடையில உப்பி நிக்கறதைப் பார்த்திருப்பீங்க. தட்டுவடை பாக்கெட்ல காத்து அதிகம், அதுதான் முதல்ல சிக்கும். காபித்தூளுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கு. புதுசா வறுத்து அரைச்ச தூள் சில நாளுக்கு கரியமில வாயு விட்டுக்கிட்டே இருக்கும், அடைச்ச பாக்கெட் தரையிலயே உப்பும். ஊசியால குத்திடலாம்னு நினைக்காதீங்க, வாசனை போயிடும், தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகும்.

தட்டுவடையைக் காத்து அழுத்தி வெளியேத்தி சீல் பண்ணச் சொல்லுங்க. காபிக்கு அரைச்சு ரெண்டு மூணு நாள் ஆற விட்டு அடைச்ச பாக்கெட் கேளுங்க. முடிஞ்சா ஏற்காட்டுல அடைச்சதையே வாங்கி, சேலம் டெமோவுக்கும் அதையே வைங்க. மேல அடைச்சது கீழே வந்தா ஒட்டிச் சுருங்கும், சிக்காது.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

இது நல்ல விஷயம். 25-ல 15 சதவீதம்னா 29 பக்கம். 35 பிட்ச்ல கம்பி 3.25 போக 32-க்குக் கொஞ்சம் கீழேதான் மிச்சம். இடிக்காது, ஆனா இடம் 3 மி.மீ.தான் இருக்கும். தட்டுவடை வரிசைக்கு மட்டும் 40 பிட்ச் சுத்திடுங்க, 300-ல 7 பாக்கெட் நிக்கும். முக்கோணத் தாளோட உயரத்தை 40 ஆக்கினா போதும், அடி அதேதான்.

ஏற்காடு_மிளகுக்கொடி

பனி பத்தியும் யோசிங்க. சாயங்காலம் மூடுபனி இறங்கினா அக்ரிலிக் உள்பக்கமும் ஐ.ஆர் எல்.இ.டி முகத்துலயும் ஈரம் படியும். கீழேருந்து வேன்ல ஏத்தி வந்ததும் உடனே மூடியைத் திறந்து ஆன் பண்ணாதீங்க, ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். எஸ்.எம்.பி.எஸ்-ஐ எலக்ட்ரானிக்ஸ் பெட்டிக்குள்ளயே, கீழ்ப்பக்கமா வைங்க, அதோட சூடே ஈரத்தை விரட்டும். சிலிகா ஜெல் பை ரெண்டு உள்ளே போடுங்க.

லேப்_ஓமலூர்

எல்.சி.டி திடீர்னு புரியாத எழுத்தா காட்டினா அது ஈரம்னு நினைச்சுக் கழட்டிடாதீங்க. முக்கால்வாசி மோட்டார் இரைச்சல்தான். ஐ2சி வயர் 30 செ.மீ.-க்குள்ள இருக்கட்டும், மோட்டார் வயரை முறுக்கி விடுங்க. திரையே எழுத்தில்லாம வெளிச்சமா மட்டும் இருந்தா முதல்ல பின்பக்க நீலத் திருகைத் திருப்புங்க, அப்புறம் அட்ரஸ் 0எக்ஸ்27-ஆ 0எக்ஸ்3எஃப்-ஆன்னு பாருங்க.

ஐந்துரோடு_பசங்க

யு.பி.ஐ விடறதுக்கு மனசு வரல. கடையில ஒட்டற க்யூ.ஆர் வச்சு, பணம் வந்த எஸ்.எம்.எஸ்-ஐ ஃபோன்ல படிச்சு ப்ளூடூத்ல அனுப்பினா ஆகாதா?

எம்பெடட்_சூரமங்கலம்

வேண்டாம். ஒட்டின க்யூ.ஆர்-க்கு எந்தப் பொருளுக்கு எந்தப் பணம்னு தெரியாது. ஒரே நேரத்துல ரெண்டு பேர் அனுப்பினா யாருக்குக் கொடுக்கறது? எஸ்.எம்.எஸ் தாமதமானா காசு கொடுத்தவர் நின்னுட்டே இருப்பார். அதோட அந்த மாதிரி எஸ்.எம்.எஸ்-ஐ யார் வேணா டைப் பண்ணி அனுப்பலாம்.

சரியான வழி: பேமென்ட் கேட்வே மூலமா ஒவ்வொரு வாங்கலுக்கும் தனி க்யூ.ஆர் உருவாக்கி, பணம் சேர்ந்ததும் கேட்வே உங்க சர்வருக்குச் சொல்லி, இ.எஸ்.பி 32 அந்த சர்வரைக் கேட்டு மோட்டாரை ஓட்டணும். உண்மையான பணம் வாங்க வியாபாரக் கணக்கும் கே.ஒய்.சி-யும் வேணும். ஆனா டெஸ்ட் மோடுல முழு ஓட்டத்தையும் காட்டலாம், புராஜெக்ட்டுக்கு அது போதும். இ.எஸ்.பி 32 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல மட்டும்தான் சேரும். லாகின் பக்கம் திறக்கற வைஃபைல அதால உள்ளே போக முடியாது, ஃபோன் ஹாட்ஸ்பாட்டை 2.4-ல வைங்க. இ.எஸ்.பி 32 பின்கள் 3.3 வோல்ட், ஊனோ 5 வோல்ட். ஊனோவிலேருந்து அங்கே போற லைன்ல 1 கே, 2 கே ரெண்டு ரெசிஸ்டர் வச்சுக் குறைச்சு அனுப்புங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி, காசே இல்லாம, பட்டனை மட்டும் அழுத்தி ஒவ்வொரு வரிசையிலயும் 50 தடவை விட்டுப் பார்த்து ஒரு பட்டியல் போடுங்க. சரியா விழுந்தது, ரெண்டா விழுந்தது, விழாதது, விழுந்தும் சென்சார் பார்க்காதது, நாலு பத்தி. வைவாவுல கேட்கற முதல் கேள்வி அதுவாதான் இருக்கும்.

ஐந்துரோடு_பசங்க

சரிங்க. இந்த வாரம் முதல் ஸ்பிரிங்கைச் சுத்திடறோம். 50 தடவைக்கும் ஒரே பாக்கெட்டுகளைத் திரும்ப ஏத்தலாமா, இல்ல புதுசு வேணுமா?

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

பாதிக்குப் பாதி பண்ணுங்க. விழுந்து விழுந்து மூலை மடங்கின பாக்கெட் லேசா வழுக்கிப் போகும், ரிசல்ட் உள்ளதைவிட நல்லா தெரியும். புதுப் பாக்கெட்டோட சீல் ஓரம் விறைப்பா இருக்கும், கம்பில மாட்டறது அந்த ஓரம்தான். ஏத்தும்போது சீல் ஓரம் மேலயும் கீழயும் வர்ற மாதிரி வைங்க, பக்கவாட்டுல வரக் கூடாது.

ஐந்துரோடு_பசங்க

காபி பாக்கெட்டுக்கு சீல் மூணு பக்கமும் இருக்கே அண்ணா, நடு முதுகுலயும் ஒண்ணு ஓடுது.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

அப்போ முதுகு சீல் பின்னாடி, மோட்டார் பக்கம் பார்க்கட்டும். தள்ளற கம்பி அது மேல பட்டுத் தள்ளும், கவ்வாது. பக்கவாட்டு ஓரம் 5 மி.மீ.-க்கு மேல நீட்டிக்கிட்டிருந்தா உள்பக்கம் மடிச்சு ஒரு துண்டு டேப் ஒட்டுங்க. தட்டோட ரெண்டு பக்கமும் 84 மி.மீ. இடைவெளியில அலுமினிய ஆங்கிள் வச்சுட்டா பாக்கெட் திரும்பாம நேரா வரும்.